கடிகாரத்தின் மேல் பழி போடாதீர்கள்

2015 ஜனவரியில் பிரிட்டனின் போக்குவரத்துத் துறை இணையமைச்சர் சூசன் கிரேமர் தைவானுக்குப் போயிருந்தார். தைபே நகர மேயர் கோ வென்-ஜேயைச் சந்தித்தபோது ஒரு பாக்கெட் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்தார். கடிகாரம் கொடுப்பது அந்த ஊர்ப் பேச்சில் சாவுக்கு வழியனுப்புவதுபோல ஒலிக்கும் என்பதால் அபசகுனம். நிருபர்கள் வாயைக் கிளறியதும், வேறு யார் தலையிலாவது கட்டலாம், இல்லாவிட்டால் பழைய உலோகக் கடையில் போட்டுக் காசாக்கலாம் என்று மேயர் பேசிவைத்தார். அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். உலகப் பத்திரிகைகள் சிரித்துச் சிரித்து எழுதின.

வெளிநாட்டு வியாபாரத்துக்கு ஆள் தயார்செய்யும் பயிற்சி வகுப்புகளுக்கு இதைவிடத் தோதான கதை கிடைக்குமா? கதை முடிந்ததும் பட்டியல் வரும். ஜப்பானியருக்கு நான்கு பொருளாகக் கொடுக்காதே. கொரியர் பெயரைச் சிவப்பு மையில் எழுதாதே. சீனர் முதலில் இரண்டு மூன்று முறை மறுப்பார், விடாமல் நீட்டு. பிரெஞ்சுக்காரர் வீட்டுக்குச் சாமந்திப்பூ கொண்டுபோகாதே. அரபு நாட்டில் இடக்கையை நீட்டாதே. இந்தப் பட்டியலைத் தாங்கி நிற்கும் நம்பிக்கை இதுதான்: ஒவ்வொரு நாட்டுக்கும் மாறாத ஒரு பரிசுப் பண்பாடு இருக்கிறது, கீழை நாடுகளில் பரிசு இல்லாமல் தொழில் ஒரு அடி நகராது, அந்தப் பண்பாட்டைப் படித்துக்கொண்டு போகிறவன் ஆர்டரோடு திரும்புவான். மேலாண்மைக் கல்லூரியில் இது பாடம். ஏற்றுமதியாளர்கள் கூட்டத்தில் இது கைதட்டல் வாங்கும் உரை. இந்த நம்பிக்கை தவறு என்பது என் கட்சி. வேடிக்கையான தவறு என்று விட்டுவிட முடியாது. நம்பினவரைச் சிக்கலில் கொண்டுபோய் நிறுத்தும் தவறு.

முதலில் அந்தக் கடிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். மேயரின் பேச்சுக்குத் தைவானிலேயே கண்டனம் எழுந்தது. விருந்தாளி கொண்டுவந்த பொருளைப் பற்றி இப்படிப் பேசுவதா என்று கேட்டவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். பயிற்சியாளர்கள் இந்தப் பாதியை விழுங்கிவிடுவார்கள். தவிர, அந்த அபசகுனம் சுவரிலும் மேசையிலும் இருக்கும் கடிகாரத்துக்கு உரியது. கையில் கட்டுவதற்கு அங்கே பெயரே வேறு. கைக்கடிகாரத்தை அபசகுனம் என்று சீனாவில் யாரும் திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. வாங்கிக் குவித்தவர்களைத்தான் தெரியும். 2012 ஆகஸ்டில் ஷான்சி மாகாணத்தில் ஒரு பேருந்தும் டேங்கர் லாரியும் மோதி 36 பேர் செத்தார்கள். அந்த இடத்தில் சிரித்துக்கொண்டு நின்ற பணியிடப் பாதுகாப்புத் துறை அதிகாரி யாங் டாசாயின் படம் வெளியானது. கோபம் கொண்ட இணையவாசிகள் அவருடைய பழைய படங்களைத் தோண்டினார்கள். ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு விலையுயர்ந்த கைக்கடிகாரம். ‘கடிகார அண்ணன்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். மறு வருஷம் செப்டம்பரில் ஊழல் வழக்கில் 14 ஆண்டுச் சிறைத் தண்டனை. சீனருக்குக் கடிகாரம் கொடுக்காதே என்று பட்டியல் ஓதிக்கொண்டிருந்த அதே காலத்தில், சீன அதிகாரிகளின் கைகளில் சுவிஸ் கடிகாரங்கள் ஏறிக்கொண்டிருந்தன. 2012 டிசம்பரில் ஷி ஜின்பிங் ஆடம்பரத்துக்கு எதிரான எட்டு விதிகளைக் கொண்டுவந்ததும் சுவிஸ் கைக்கடிகார ஏற்றுமதி அங்கே சரிந்தது. மௌதாய் மதுவின் விற்பனையும் அடி வாங்கியது. 2013இல் அரசுப் பணத்தில் மூன்கேக் வாங்கி அனுப்பக்கூடாது என்று கட்சியின் ஒழுங்குக் குழு உத்தரவு போட்டது. ஆயிரமாண்டுப் பண்பாடு என்று சொல்லப்பட்டது ஓர் உத்தரவில் இப்படிச் சுருங்கும் என்றால், அதில் பண்பாடு எவ்வளவு, பதவி எவ்வளவு?

பட்டியலின் தரத்தைச் சோதிக்க நமக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. நம்மைப் பற்றி அது என்ன சொல்கிறது என்று பார்ப்பது. இந்துக்களுக்குத் தோல் பொருள் கொடுக்காதே என்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்கள் படித்தால் சிரிப்பார்கள். பெல்ட்டும் பர்ஸும் ஷூவுமாக நடமாடும் நம்முடைய மேனேஜர்கள் எல்லாரும் எந்த மதம் என்று அந்தப் பட்டியலை எழுதியவர் நினைத்தாரோ. இன்னொன்று: இந்தியருக்கு ஈழத்தலரிப் பூ கொடுக்காதே, அது சாவு வீட்டுப் பூவாம். பக்கத்திலுள்ள இலங்கையில் அதே பூவை அரலிய என்று சொல்லி விகாரையில் புத்தருக்குப் படைக்கிறார்கள். இந்தியா முழுவதற்கும் ஒரே சாவு வீட்டுப் பூ எது என்று நம்மிடமே கேட்டால் நாலு மாவட்டத்தில் நாலு பதில் வரும். 101, 501 என்று ஒற்றைப்படையில் பணம் வைப்பார்கள் என்பது மட்டும் சரி. நம்மைப் பற்றியே இவ்வளவு குளறுபடி என்றால், கொரியரைப் பற்றியும் ஜப்பானியரைப் பற்றியும் அதில் இருப்பதை நாம் எந்த நம்பிக்கையில் மனப்பாடம் செய்கிறோம்?

கொரியாவுக்கே போவோம். சூசோக் என்னும் அறுவடைத் திருநாளுக்கும் சந்திரப் புத்தாண்டுக்கும் அங்கே பரிசுப் பெட்டிகள் பறக்கும். அந்தப் பெட்டிகளில் மிகப் பிரபலமான ஒன்று ஸ்பாம். ஆமாம், அமெரிக்கப் பட்டாளத்தோடு கொரியப் போர்க் காலத்தில் வந்து இறங்கிய அதே டப்பா இறைச்சி. ஸ்பாம் பரிசாவதற்கு முன்னால் சர்க்கரை மூட்டை பெரிய பரிசாக இருந்தது. பஞ்ச காலத்தில் எது அரிதோ அது பரிசு. கையில் காசு வந்ததும் அது மாறியது. தொன்மம் எதுவும் இதில் இல்லை.

அந்தக் கொரியாதான் 2015 மார்ச்சில் ஒரு சட்டம் இயற்றியது. உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக இருந்த கிம் யோங்-ரான், ஊழல் தடுப்பு ஆணையத்தின் தலைவராக இருந்தபோது முன்வைத்த யோசனை என்பதால் அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. 2016 செப்டம்பர் 28 முதல் நடைமுறை. அரசு ஊழியர், ஆசிரியர், பத்திரிகையாளர் எல்லாருக்கும் உச்சவரம்பு வந்தது: சாப்பாட்டுக்கு 30,000 வொன், பரிசுக்கு 50,000, கல்யாணம், சாவுக்கு வைக்கும் பணம் 100,000. பின்னால் இந்தத் தொகைகளைக் கூட்டிக் குறைத்தார்கள். சாப்பாட்டு வரம்பு 2024இல் 50,000 ஆனது. ஆனால் வரம்பு என்கிற ஏற்பாடு நிலைத்துவிட்டது. சட்டம் வந்த முதல் நாளே, ஒரு மாணவர் பேராசிரியருக்கு ஒரு டப்பா காபி கொடுத்துவிட்டார் என்று யாரோ போலீசுக்குப் போன் செய்தார்கள்.

2016 டிசம்பரில் சுன்சியோன் நகர நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்குதான் என் மனதில் நிற்கிறது. தன் வழக்கை விசாரித்த போலீஸ் அதிகாரிக்கு ஒரு பெண் 45,000 வொன் மதிப்புள்ள அரிசிப் பணியாரப் பெட்டி ஒன்றை அனுப்பினார். அன்றைய கணக்கில் நம்முடைய 2,600 ரூபாய் அளவுதான் இருக்கும். தனக்குத் தோதான நேரத்தில் விசாரணையை வைத்ததற்கு நன்றி என்றார். அதிகாரி அன்றே திருப்பி அனுப்பிவிட்டார். நீதிமன்றம் 90,000 வொன் அபராதம் போட்டது. தொகை பரிசு வரம்புக்குள்தான் இருந்தது. தின்பண்டமோ அந்த ஊரில் எல்லா நல்ல காரியத்துக்கும் வைப்பது. நிறம், எண்ணிக்கை, கட்டிய தாள், நீட்டிய கை என்று பட்டியல் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் அந்தப் பெட்டி தேறிவிடும். ஆனால் கொடுத்தவர் வழக்குக்காரர், வாங்க வேண்டியவர் விசாரணை அதிகாரி. நீதிமன்றம் பார்த்தது அந்த உறவை மட்டும். ஆசிரியர் தினத்துக்குக் கார்னேஷன் பூ கொடுப்பதில்கூட அங்கே ஒரு விதி உண்டு: மாணவர் பிரதிநிதி எல்லார் முன்னாலும் கொடுக்கலாம், தனித்தனியாகப் போய்க் கொடுக்கக்கூடாது. கொஞ்சம் அதிகப்படி என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் அந்த விதிக்குள் இருக்கும் யோசனை எந்தப் பயிற்சிக் கையேட்டையும்விடக் கூர்மையானது.

ஜப்பானைச் சொல்லாமல் இந்த விஷயத்தை யாரும் பேசமாட்டார்கள். ஜூலையில் ஓச்சுகென், டிசம்பரில் ஓசெய்போ என்று ஆண்டுக்கு இரண்டு பரிசுப் பருவம். டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் அதற்கென்றே தனிக் கூடம் போடுவார்கள். உண்மைதான். ஆனால் வீண் சம்பிரதாயத்தை ஒழிப்போம் என்று அறிவித்து, வாடிக்கையாளரிடமிருந்து வரும் பெட்டிகளை வேண்டாம் என்று சொல்லும் கம்பெனிகளும் அதே ஜப்பானில்தான் இருக்கின்றன. காதலர் தினத்தன்று அலுவலகப் பெண்கள் கூட வேலை செய்யும் ஆண்கள் எல்லாருக்கும் கடமைக்குச் சாக்லேட் வாங்கித் தரும் வழக்கம் இருக்கிறதே, அதை நிறுத்துங்கள் என்று 2018 பிப்ரவரி 1 அன்று பெரிய பொருளாதார நாளிதழான நிக்கேயில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. கொடுத்தது கோடைவா சாக்லேட் கம்பெனி. அதுவும் ஒரு வியாபார தந்திரம்தான், அறிவேன். ஆனால் பெண்கள் சலித்துப்போயிருக்கிறார்கள் என்று தெரியாமல் எந்த வியாபாரியும் அப்படி விளம்பரம் கொடுக்கமாட்டான். அந்தச் சாக்லேட்டுக்குப் பதில் செய்யும் மார்ச் மாத ‘வெள்ளை நாள்’ 1970களின் கடைசியில் மிட்டாய்க்காரர்கள் உருவாக்கியது. நம்முடைய அட்சய திருதியைக்கு நகைக்கடைகள் செய்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜப்பானிய அரசு அதிகாரிகளின் கதை இன்னும் தெளிவு. 1998இல் நிதியமைச்சக அதிகாரிகளை வங்கிக்காரர்கள் ஆபாச விருந்துகளுக்கு அழைத்துப்போனது வெளிவந்து நாடே நாறியது. 1999இல் அரசு ஊழியர் நெறிமுறைச் சட்டம் வந்தது. 2000 ஏப்ரல் முதல் அமல். தன் முடிவால் லாபமோ நஷ்டமோ அடையக்கூடியவரிடம் அதிகாரி பரிசு வாங்கக்கூடாது. குறிப்பிட்ட பதவிக்கு மேலே இருப்பவர் தொழில் செய்பவரிடம் 5,000 யென்னுக்கு மேற்பட்ட எதைப் பெற்றாலும் எழுதிக் கொடுக்க வேண்டும். 2021இல் இந்த விதி கடித்தது. தோஹோக்குஷின்ஷா என்கிற ஒளிபரப்புத் தொழில் கம்பெனி, அன்றைய பிரதமர் சுகாவின் மகன் வேலைபார்த்த இடம், தொடர்புத் துறை அதிகாரிகளுக்கு விருந்து வைத்தது. அதில் யமாடா மகிகோ என்ற மூத்த அதிகாரி 2019இல் சாப்பிட்ட ஒரு இரவுச் சாப்பாட்டின் விலை 74,203 யென். ஏறக்குறைய 50,000 ரூபாய். வெளிவந்தபோது அவர் பிரதமரின் செய்தித் தொடர்புச் செயலர். மார்ச் 1 அன்று ராஜினாமா செய்தார். எங்கள் ஊர்ப் பண்பாட்டில் இதெல்லாம் சகஜம் என்று டோக்கியோவில் ஒருவரும் வாதாடவில்லை. அப்படி வாதாடுவது எப்போதுமே வெளியூர்க்காரர்கள்தான்.

இங்கேதான் என் சண்டை கடுமையாகிறது. பட்டியல் வெறும் அறியாமையாக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அவர்கள் பண்பாடு அப்படி என்ற பேச்சு, கொடுப்பவனுக்கு நல்ல போர்வை. லாக்ஹீட் என்கிற அமெரிக்க விமானக் கம்பெனி 1970களில் தன் விமானங்களை விற்க ஜப்பானில் பணம் கொடுத்தது. பிரதமர் தனாகா காகுவேய்க்குப் போன பங்கு 50 கோடி யென். இடைத்தரகர் எழுதித் தந்த ரசீதில் பணம் என்று இல்லை. நிலக்கடலை கிடைத்தது, இத்தனை பருப்பு என்று இருந்தது. ஜப்பானில் பணம் கொடுக்காமல் தொழில் நடக்காது என்று கம்பெனித் தரப்பில் சொல்லப்பட்டது. ஜப்பானியரோ தங்கள் முன்னாள் பிரதமரை 1976 ஜூலையில் கைதுசெய்து, 1983 அக்டோபரில் நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். அதே கம்பெனி நெதர்லாந்து அரசியின் கணவர் பெர்னார்டுக்கு 11 லட்சம் டாலர் கொடுத்திருந்தது. இத்தாலியிலும் கொடுத்திருந்தது. சிக்கனத்துக்குப் பேர்போன டச்சுக்காரர்களின் பரிசுப் பண்பாடு என்று இதற்கு யாராவது அத்தியாயம் எழுதியிருக்கிறார்களா?

ஜெர்மானியரைப் பற்றிப் பட்டியல் சொல்வது: தொழிலில் விலையுயர்ந்த பரிசு அவர்களுக்குப் பிடிக்காது, ஒரு பேனாவோ புத்தகமோ போதும். சரி. அந்த ஜெர்மனியில் வெளிநாட்டு அதிகாரிகளுக்குக் கொடுத்த லஞ்சத்தை ‘பயனுள்ள செலவு’ என்று எழுதி வருமான வரியில் கழித்துக்கொள்ள 1999 வரை வழி இருந்தது. தன் ஊரில் பேனா, அடுத்த ஊரில் பெட்டி. லஞ்ச விவகாரத்துக்காக 2008 டிசம்பரில் ஜெர்மானியக் கம்பெனியான சீமென்ஸ் அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் சேர்த்துக் கட்டிய தொகை சுமார் 160 கோடி டாலர். ஜே.பி. மார்கன் வங்கி இன்னும் நாசூக்காகச் செய்தது: சீன அதிகாரிகள், அரசுக் கம்பெனித் தலைவர்களின் பிள்ளைகளுக்கு வேலை. கீழை நாட்டு உறவுமுறை, அதை மதிக்கிறோம் என்று சொல்ல எவ்வளவு வசதி! 2016 நவம்பரில் 26 கோடி டாலருக்கு மேல் கட்டித்தான் அந்த விவகாரம் முடிந்தது.

சட்டங்கள் இந்தப் போர்வையை எப்போதோ உருவிவிட்டன. வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் தருவதைக் குற்றமாக்கிய முதல் சட்டம் அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டுச் சட்டம், லாக்ஹீட் முதலான கம்பெனிகளின் வண்டவாளம் தண்டவாளம் ஏறிய பிறகு வந்தது. 1997இல் கையெழுத்தான ஓ.இ.சி.டி. உடன்படிக்கையின் விளக்கவுரை, உள்ளூர் வழக்கம் என்ன என்பது இதில் ஒரு பொருட்டல்ல என்கிறது. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு லஞ்சச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இன்னும் பச்சையாகச் சொல்கிறது: அந்த நாட்டின் எழுதப்பட்ட சட்டமே அனுமதித்தால் ஒழிய, உள்ளூர்ப் பழக்கவழக்கத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது. நம்முடைய ஊழல் தடுப்புச் சட்டமும் 2018 திருத்தத்தில் கொடுக்கும் கம்பெனியைப் பொறுப்பாளி ஆக்கிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் ஒரு பயிற்சியாளர் முப்பது நாட்டு நிறங்களையும் பூக்களையும் சொல்லிவிட்டு, சட்டத்தைப் பற்றிக் கடைசி ஸ்லைடில் ஒரு வரி போட்டுப் போகிறார் என்றால் அவர் வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

நியாயத்துக்கு எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் பார்க்க வேண்டும். படித்தவர்கள் மார்செல் மோஸைக் கொண்டுவருவார்கள். பிரெஞ்சு மானுடவியலாளர். கொடுப்பது, வாங்குவது, திருப்பிச் செய்வது என்ற மூன்று கடமைகள் சமூகங்களைக் கட்டிவைக்கின்றன என்று 1925இல் எழுதியவர். பரிசு மனித குலத்துக்கே பொது, அதை லஞ்சம் என்று கொச்சைப்படுத்தாதீர்கள் என்பது இவர்கள் வாதம். மோஸ் சொன்னதை நான் மறுக்கவில்லை. நமக்கு அது புதிதும் இல்லை. மதுரைப் பக்கமோ பேராவூரணிப் பக்கமோ ஒரு மொய் விருந்துக்குப் போய்வந்தால் கண்ணால் பார்க்கலாம். மேசை போட்டு உட்கார்ந்து, பெயர், ஊர், தொகை என்று நோட்டில் எழுதுவார்கள். மைக்கில் வாசிப்பதும் உண்டு. வைத்தவர் தன் பணத்தை வைத்தார்; வாங்கியவர் நாளைக்குத் தன் பணத்தைத் திருப்பி வைப்பார். நோட்டு ஊருக்கே தெரியும்.

கம்பெனிப் பரிசில் என்ன நடக்கிறது? கொடுப்பவர் கம்பெனிப் பணத்தில் கொடுக்கிறார். வாங்குபவர் தன் வீட்டுக்கு எடுத்துப்போகிறார். திருப்பிச் செய்யும்போது தன் கைக்காசைத் தொடுவதில்லை. தன் முதலாளியின் ஆர்டரையோ அரசாங்கத்தின் டெண்டரையோ தூக்கிக் கொடுக்கிறார். மோஸின் மூன்று கடமையும் இருக்கிறது, பொருள்தான் மூன்றாம் ஆளுடையது. எந்த நோட்டிலும் எழுதவும் மாட்டார்கள்.

இது கொரியாவிலும் சீனாவிலும் நடப்பது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் கம்பெனியின் ஆபீஸ் மேசையைப் பாருங்கள். பெட்டிகள் ரகம் ரகமாகப் பிரித்து அடுக்கியிருக்கும். பையிங் ஆபீஸ் தலைவருக்கு வெள்ளிக் குத்துவிளக்கோ கிண்ணமோ; மெர்ச்சண்டைசருக்கு முந்திரி, பாதாம் வைத்த பெட்டி; ஷிப்மென்டுக்கு முன்னால் வந்து துணியைப் பார்த்து ஓகே சொல்லும் க்யூ.சி.க்கு அதைவிடக் கொஞ்சம் பெரிதாக, கூடவே ஒரு கவர். கப்பல் ஏஜென்டுக்கும் வங்கி மேனேஜருக்கும் நெய் ஸ்வீட் ஒரு கிலோ. செக்கிங்கில் நின்று வேலைசெய்யும் பெண்களுக்குக் கால் கிலோ ஸ்வீட், கால் கிலோ மிக்சர். யாரால் கன்டெய்னரை நிறுத்த முடியுமோ அவருக்குப் பெரிய பெட்டி. போன வருஷம் மெர்ச்சண்டைசராக இருந்தவர் வேலை மாறிப் போய்விட்டால் பெட்டி அவரைத் தேடிப் போகாது, அந்த நாற்காலியில் புதிதாக உட்கார்ந்தவருக்குப் போகும். இதில் தமிழ்ப் பண்பாடு எங்கே இருக்கிறது? டாக்காவிலும் ஹோ சி மின் நகரிலும் இதே தொழிலில் இதே வரிசையில்தான் பெட்டி அடுக்குவார்கள் என்பது என் ஊகம். உள்ளே இருக்கும் தின்பண்டம் மட்டும் வேறாக இருக்கும்.

சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கைப் பாருங்கள். ஜிங்கோவிட் என்ற மாத்திரையை டாக்டர்களிடம் எடுத்துச்செல்ல அவர்களுக்குக் கொடுத்த இலவசங்களை, 4.7 கோடி ரூபாய்க்கு மேல், வியாபாரச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிவு கேட்டது அந்தக் கம்பெனி. டாக்டர்கள் வாங்கக்கூடாது என்றுதான் மருத்துவக் கவுன்சில் விதி, நாங்கள் கொடுக்கக்கூடாது என்று எங்கும் இல்லையே என்பது வாதம். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தங்க நாணயம், லேப்டாப், ஃபிரிட்ஜ், எல்.சி.டி. டிவி என்று இப்படிப்பட்ட இலவசங்களைத் தீர்ப்பு பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அவற்றின் விலை மருந்தின் விலையில் ஏறி நோயாளியின் தலையில் விடிகிறது என்றது. அந்த வருஷம் ஜூலை 1 முதல் வருமான வரிச் சட்டத்தில் 194ஆர் என்ற பிரிவும் வந்துவிட்டது: தொழில் தொடர்பில் ஒருவருக்கு வருஷத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் பரிசோ சலுகையோ கொடுத்தால் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். டீலர்களைத் தாய்லாந்து கூட்டிப்போகும் சிமென்ட், பெயின்ட் கம்பெனிகளிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

அமெரிக்கரும் ஐரோப்பியரும் இந்த நோயிலிருந்து தப்பியவர்கள் என்பதற்கும் ஆதாரம் இல்லை. வால்மார்ட்டின் கொள்முதல் ஆட்கள் சப்ளையரிடம் எந்தப் பரிசும் வாங்கக்கூடாது என்பது அந்தக் கம்பெனியின் பழைய விதி; ஒரு கப் காபியைக்கூட யோசித்துத்தான் தொடுவார்கள் என்பார்கள். தன் பணம் எங்கே கசியும் என்று அவ்வளவு துல்லியமாகத் தெரிந்த கம்பெனி அது. அதே கம்பெனி மெக்சிகோ, பிரேசில், சீனா, இந்தியா ஆகிய நாடுகளில் தன் ஆட்கள் வழியாக வெளியே போன பணத்தைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்று 2019 ஜூனில் 28 கோடி டாலருக்கு மேல் கட்டியது. வாங்குவதில் கறார், கொடுக்கும் இடத்தில் தளர்வு. எந்த நாட்டுப் பண்பாடு இது? கல்லாப்பெட்டிக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்த புத்தி.

பரிசே வேண்டாம் என்றோ, மரியாதை தெரிய வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. மது தொடாதவருக்கு மது கொண்டுபோகிறவன் முட்டாள். பிரான்சில் கல்லறைத் திருநாளுக்கு வைக்கும் சாமந்தியை விருந்துக்குக் கொண்டுபோனால் வீட்டுக்காரம்மாவின் முகம் மாறத்தான் செய்யும். இவற்றைத் தெரிந்துகொள்ளப் பத்தாயிரம் ரூபாய்ப் பயிற்சி எதற்கு? அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டால் போதும். கேட்காமல் போய்த் தவறினாலும் ஒரு மன்னிப்போடு முடிந்துவிடும். 2009 மார்ச்சில் ஒபாமா, பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுனுக்கு 25 அமெரிக்கப் படங்களின் டிவிடித் தொகுப்பைக் கொடுத்தார். அது பிரிட்டன் கருவியில் ஓடாது என்று லண்டன் பத்திரிகைகள் கேலி செய்தன. ஒரே மொழி, ஒரே குலத்து நாடுகள். உறவு முறிந்ததா என்ன? நிறமும் எண்ணிக்கையும் தப்பியதால் கவிழ்ந்த பெரிய வியாபாரம் ஒன்றைப் பட்டியல்காரர்கள் எனக்குக் காட்டட்டும். வாங்கிச் சிறைத் தண்டனை பெற்றவர்களையும் கொடுத்துக் கோடிக்கணக்கில் அபராதம் கட்டியவர்களையும் நான் மேலே காட்டிவிட்டேன்.

ஜப்பானியரிடமிருந்தே எடுத்துக்கொள்ளத்தக்க ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் போய்வந்தால் அந்த ஊர்த் தின்பண்டத்தைத் தனித்தனியாகச் சுற்றிய பெட்டியில் வாங்கிவந்து அலுவலகத்தின் பொது மேசையில் வைத்துவிடுவார்கள். இருப்பவர் எல்லாரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வார்கள். திருநெல்வேலி அல்வாவோ கோவில்பட்டிக் கடலை மிட்டாயோ ஒசாகா ஆபீசுக்குப் போவதென்றால் இப்படியே போகலாம். ஒருவரும் கண்ணைக் கீழே போட வேண்டியிருக்காது. அமெரிக்க நீதித்துறையின் வழிகாட்டிகூட ஒரு கப் காபி, டாக்ஸிக் கட்டணம், கம்பெனி பெயர் போட்ட சில்லறைப் பொருள் இவற்றுக்காக யாரையும் துரத்துவதாக இல்லை என்றுதான் சொல்கிறது.

ஏற்றுமதித் தொழிலில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பையர் கொடுத்த வெண்டர் மேனுவலில் பரிசைப் பற்றி ஒரு பக்கம் இருக்கும். நாடுவாரிப் பட்டியலை மூடிவைத்துவிட்டு அதைப் படியுங்கள். இல்லையென்றால் மெயில் போட்டுக் கேளுங்கள்; வேண்டாம் என்று பதில் வந்தால் நம்புங்கள், மூன்று முறை நீட்டாதீர்கள். க்யூ.சி.க்குப் போகும் கவரை இந்தத் தீபாவளியோடு நிறுத்துங்கள். கொடுத்தே தீர வேண்டும் என்று கை பரபரத்தால், உங்கள் செக்கிங் பெண்களுக்குப் போகும் அந்தக் கால் கிலோவை ஒரு கிலோ ஆக்குங்கள், போனஸையும் இழுத்தடிக்காமல் கொடுங்கள். அதைத் தடுக்கும் சட்டம் எந்த நாட்டிலும் இல்லை.